நெகிழிக் கடற்கரையும் நாங்கள் நால்வரும்



"சுற்றுச்சூழல் மாசுபாடு" கட்டுரையை உங்களில் எத்தனை பேருக்கு நான் மனப்பாடம் செய்யவைத்தேன் என்பதற்குக் கணக்கே இல்லை. முன்னுரை, நிலம் மாசுபடுதல், நீர் மாசுபடுதல், காற்று மாசுபடுதல், நம் கடமை, முடிவுரை. ஆறு தலைப்பு, தலைப்புக்கு நாலு வரி. "நம் கடமை"யில் ஒரு வரி விட்டவர்களுக்கு அரை மதிப்பெண் குறைத்திருக்கிறேன். இன்று எழுதப்போவதும் அதே தலைப்புதான். ஆனால் இந்தத் தடவை திருத்தப்பட வேண்டியது என் தாள். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கியது நினைவிருக்கும். நம் குமரிக் கடற்கரையிலும் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் குருணை வந்து ஒதுங்கியது. நானும் போய்ப் பார்த்தேன். ஜவ்வரிசி மூட்டை அவிழ்ந்து கொட்டினது மாதிரி இருந்தது. ஒரு பிடி மணலை அள்ளி அதிலிருந்து குருணையைப் பொறுக்கப் பார்த்தேன். கண்ணாடி போட்டும் எனக்கு முடியவில்லை. இளம்பிள்ளைகள் சல்லடையோடு உட்கார்ந்து சலித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து ஒரு படத்தைப் பழைய மாணவர்கள் குழுவில் போட்டேன். கப்பலில் வேலைபார்க்கும் ஒரு மாணவன் அதற்குப் பதிலாக ஒரு ஆங்கில இசைத்தொகுப்பை அனுப்பி, "டீச்சர், நேரம் கிடைக்கும்போது இதைக் கேளுங்க. பேரே பிளாஸ்டிக் பீச்தான்" என்று எழுதியிருந்தான்.

பாடியவர்கள் பெயர் கொரில்லாஸ். குரங்கு வித்தையோ என்று நினைத்தேன். விசாரித்ததில் அது ஒரு கார்ட்டூன் இசைக்குழு என்று தெரிந்தது. பிளர் என்ற ஆங்கில ராக் குழுவின் பாடகர் டேமன் ஆல்பர்னும், ஜேமி ஹ்யூலெட் என்ற சித்திரக்காரரும் சேர்ந்து 1998-இல் தொடங்கியது. மேடைக்கு முன்னால் நிற்பவர்கள் மர்டாக், நூடுல் என்றெல்லாம் பெயர் வைத்த நாலு கற்பனை ஆட்கள். 'பிளாஸ்டிக் பீச்' அவர்களின் மூன்றாவது தொகுப்பு. 2010 மார்ச்சில் வெளிவந்தது. பதினாறு பாட்டு, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

தனியாகக் கேட்டுப் புரியவில்லை என்றதும் எங்கள் நால்வர் குழுவுக்கு அனுப்பினேன். உங்களுக்குத் தெரியும், நாங்கள் 1976-78 ஆசிரியர் பயிற்சிக் கூட்டாளிகள். பாட்டு டீச்சர், கணக்கு சார், அறிவியல் சார், நான். மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். அந்த மாதம் என் வீடு. பேரன் ஸ்பீக்கரை மாட்டிக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டான். முழுசாகக் கேட்டோம். கேட்டு முடித்ததும் சண்டை. ஏத்தன்பழ பஜ்ஜி ஆறிப்போகிற அளவுக்குச் சண்டை.

முதலில் பாட்டு டீச்சர். நாற்பது வருஷம் ஆர்மோனியத்தோடு வாழ்ந்தவள், கோயில் பாடகர் குழுவை இன்றும் நடத்துகிறவள். "என்னட்டி இது? ஒண்ணுக்கொண்ணு சேரவே இல்லையே. அவியல்னு சொல்லுவே. அவியலுக்குக் காயெல்லாம் ஒரே நீளத்துல நறுக்கணும் தெரியுமா? இதுல சேனை முழுசாக் கெடக்கு, முருங்கைக்காயைக் காணலை" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. ஒரு பாட்டில் இங்கிலாந்தின் சின்ஃபோனியா விவா இசைக்குழு, இன்னொன்றில் அமெரிக்காவின் ஸ்னூப் டாக். 'ஒயிட் ஃப்ளாக்' என்ற பாட்டைத் தொடங்குவது லெபனான் நாட்டின் அரபு இசைக் குழு. குழலும் வயலினும் அவ்வளவு இனிமை. நாங்கள் நாலு பேரும் தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே கேனோ, பேஷி என்று லண்டன் பையன்கள் இரண்டு பேர் புகுந்து படபடவென்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் மறுபடியும் வயலின். "நல்ல கச்சேரிக்கு நடுவுல ரெண்டு பேர் ஏலம் போட்ட மாதிரி இருக்கு" என்றாள் பாட்டு டீச்சர். தலைப்புப் பாட்டில் வாசிப்பது தி கிளாஷ் என்ற பழைய பங்க் ராக் குழுவின் மிக் ஜோன்ஸும் பால் சிமனனும். இதை ராக் என்று சொல்வதா, நடன இசை என்பதா, வேறு ஏதாவதா என்றும் ஒரு தகராறு. அது இன்னும் தீரவில்லை.

ஆனால் 'ஸ்டைலோ' பாட்டில் பாபி வோமாக் குரலெடுத்ததும் அவள் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டாள். பழைய சோல் பாடகர். இதைப் பாடும்போது அவருக்கும் வயது 65-ஐ ஒட்டித்தான். அதன்பிறகு 2012-இல் ஆல்பர்ன் அவருக்கென்றே ஒரு தனித் தொகுப்பைச் சேர்ந்து தயாரித்தார். 2014-இல் அவர் இறந்துவிட்டார். "இந்த ஆளை மட்டும் மறுபடி போடு" என்றாள். போட்டேன். மூன்று தடவை போட்டேன்.

அடுத்தது கணக்கு சார். அவருக்கு இசையைப் பற்றிக் கவலையே இல்லை. "பிளாஸ்டிக் குப்பையைப் பற்றிப் பாட்டு. அதை எதில் விற்றார்கள்? பிளாஸ்டிக் தட்டில், பிளாஸ்டிக் பெட்டியில். விற்றுவிட்டு அதே வருஷம் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக விமானத்தில் போய்க் கச்சேரி. வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கடலைக் கேளுங்கள்" என்றார். நாங்கள் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை.

அறிவியல் சாரின் குற்றச்சாட்டு வேறு. "ஒரு பிள்ளை இதைக் கேட்டு என்ன தெரிந்துகொள்ளும்? ஒரு தகவல் உண்டா? ஒரு எண் உண்டா? சொன்ன ஒன்றும் பூகோளப்படி தப்பு" என்றார். விஷயம் இதுதான். தொகுப்பின் கதைப்படி மர்டாக் என்ற வில்லத்தனமான ஆள் கடல் நடுவே குப்பை சேர்ந்து உருவான தீவில் குடியிருக்கிறான். தீவு முழுக்க இளஞ்சிவப்புச் சாயம். அது இருக்கும் இடம் பாயின்ட் நெமோ. உலகத்திலேயே கரைக்கு மிகத் தொலைவான கடல்புள்ளி அதுதான். எந்தப் பக்கம் போனாலும் கரை தொடக் குறைந்தது சுமார் 2,688 கிலோமீட்டர். அது தென் பசிபிக்கில் இருக்கிறது. 1997-இல் சார்லஸ் மூர் என்ற படகோட்டி குப்பை மிதப்பதைக் கண்டு உலகத்துக்குச் சொன்ன இடம் ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் இடையில், வட பசிபிக்கில். "வடக்கே கிடக்கும் குப்பையைத் தெற்கே கொண்டுபோய் வைத்திருக்கிறான்" என்று சார் உடைத்துவிட்டார்.

நான் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அறிவியல் சாரை உங்களுக்குத் தெரியாதா? குற்றம் சொன்னால் அதோடு விடமாட்டார், வீட்டுக்குப் போய்ச் சரிபார்ப்பார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவரிடமிருந்து வரிசையாகச் செய்தி. பாயின்ட் நெமோவைச் சுற்றியுள்ள கடலில்தான் ஆயுள் முடிந்த விண்கலங்களைக் கொண்டுபோய் விழவைக்கிறார்கள், 2001-இல் ரஷ்யாவின் மிர் விண்நிலையத்தின் மிச்சமும் தென் பசிபிக்கில்தான் விழுந்தது என்று ஒன்று. ஆக, குப்பை கொட்டும் இடம் என்பது சரிதான். 2018-இல், உலகைச் சுற்றும் பாய்மரப் படகுப் போட்டியில் போனவர்கள் பாயின்ட் நெமோ அருகே கடல்நீரை எடுத்துக் கொடுத்தார்கள், சோதித்ததில் அங்கேயும் நுண்நெகிழி இருந்தது என்று இன்னொன்று. அதன் கீழே, "நேற்று நான் சொன்னதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன்" என்று எழுதியிருந்தார். சித்திரக்காரர் 2010-இல் கற்பனையாகக் குப்பையை வைத்த இடத்தில் எட்டு வருஷம் கழித்து நிஜமாகவே குப்பை அகப்பட்டிருக்கிறது. இதில் சந்தோஷப்பட ஒன்றும் இல்லைதான். ஆனாலும் தப்பை ஒப்புக்கொள்ளும் நண்பன் கிடைப்பது பெரிய விஷயம்.

இனி என் கருத்து.

ஆல்பர்னுக்கு இந்த யோசனை வந்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் தன் வீட்டுக்குப் பக்கத்துக் கடற்கரை மணலில் பிளாஸ்டிக் துணுக்குகள் கலந்து கிடப்பதைக் கவனித்திருக்கிறார். அதே டெவனில் உள்ள பிளிமத் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் தாம்சன்தான் 2004-இல் தன் ஆய்வுக் கட்டுரையில் இந்தத் துணுக்குகளுக்கு 'மைக்ரோபிளாஸ்டிக்' என்ற பெயரை வைத்துப் பரப்பியவர். ஒரே கரையோரத்து மணலை ஒருவர் உருப்பெருக்கியில் பார்த்தார், ஒருவர் பாட்டாக்கினார். ஆல்பர்ன் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக்கும் போனவர். அங்கே குப்பைமேட்டில் மனிதர்கள் ஒவ்வொரு துணியையும் இரும்பையும் பிரித்தெடுத்து மறுபடி பயனுக்குக் கொண்டுவருவதைப் பார்த்துவிட்டு, தன் நாட்டுக் குப்பைமேட்டோடு ஒப்பிட்டுப் பேசியிருக்கிறார். என் அம்மா வீட்டில் குப்பை என்று எதுவுமே வெளியே போனதில்லை. தேங்காய்த் தொட்டி அகப்பையாகும், கிழிந்த வேட்டி கைப்பிடித் துணியாகும், மிச்சமெல்லாம் தென்னை மூட்டுக்கு. மாலிக்காரர்களின் சாமர்த்தியம் நமக்கு மறந்துபோன சாமர்த்தியம்தான்.

பாட்டுகள் பிரசங்கம் செய்வதில்லை. நான் முதலில் புரியாமல் விழித்தது அதனால்தான். 'சூப்பர்ஃபாஸ்ட் ஜெல்லிஃபிஷ்' காலை உணவு விளம்பரம் மாதிரித் துள்ளும். பேரன் அதற்கு ஆடினான். விற்கிற சாமான் என்னவென்று காதைக் கொடுத்துக் கேட்டால்தான் சிரிப்பு அடங்கும். 'சம் கைண்ட் ஆஃப் நேச்சர்' பாட்டில் லூ ரீட், ரேஷன் கடையில் பட்டியல் வாசிப்பவரைப் போல உணர்ச்சியில்லாத குரலில், செய்யப்பட்ட பொருள்களும் இயற்கையும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடப்பதைச் சொல்கிறார். 'ஆன் மெலங்கலி ஹில்' ஒரு காதல் பாட்டு. மலைமேல் நிற்கும் மரம் பிளாஸ்டிக். ஆனால் அந்த ஏக்கம் நிஜமான ஏக்கம். எனக்கு இந்த இடம்தான் பொட்டில் அடித்தது. நமக்குப் பிளாஸ்டிக் பிடிக்கும் மக்களே. அதுதான் உண்மை. பளிச்சென்ற அந்தப் பச்சைக் குடத்தை முதன்முதலில் இடுப்பில் வைத்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம்! செம்புக் குடத்தின் பாரம் என் தோளுக்குத் தெரியும். நான் எழுதவைத்த கட்டுரையில் அந்தச் சந்தோஷத்துக்கு இடமே இல்லை. பிடிக்காத ஒன்றை விடச் சொல்வது மாதிரி எழுதவைத்தேன். பிடித்த ஒன்றை எப்படி விடுவது என்பதல்லவா கேள்வி?

குறையும் சொல்லிவிடுகிறேன். 'க்ளிட்டர் ஃப்ரீஸ்' எனக்கு மிக்ஸி ஓடுகிற சத்தம்தான். 'ஸ்வீப்ஸ்டேக்ஸ்' முடிவதற்குள் நான் போய் அடுக்களையில் பால் காய்ச்சிவிட்டு வந்தேன். பதினாறில் நாலைக் குறைத்திருக்கலாம். கடைசிப் பாட்டு வரைக்கும் போனாலும் வழி ஒன்றும் சொல்லப்படவில்லை என்ற அறிவியல் சாரின் மீதிப் பாதிக் குற்றச்சாட்டும் நிற்கிறது. பாட்டு கேட்டு எந்தக் கடையிலும் பை நின்றதில்லை. நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோதுதான் பூக்கடையில் மறுபடியும் வாழையிலையைப் பார்த்தேன். அதுவும் எத்தனை நாள் நீடித்தது என்று உங்களுக்கே தெரியும்.

கணக்கு சார் சொன்னதற்குத்தான் என்னால் அன்றைக்குப் பதில் சொல்ல முடியவில்லை. இரவு தூக்கமும் வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

2008 வாக்கில் என்று நினைவு. ஜூன் 5, சுற்றுச்சூழல் நாள். கடலோரப் பள்ளியில் வேலைபார்த்தபோது ஊர்வலம் நடத்தினோம். நானே கைக்காசு போட்டு ஒரு பேனர் அடித்தேன். அப்போது ஃப்ளெக்ஸ் புதுசு. பளபளவென்று நீலக் கடல், மேலே பெரிய எழுத்தில் "நெகிழியை ஒழிப்போம்". பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு கடற்கரைவரை நடந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பி வந்து பேனரைச் சுருட்டும்போது ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் அதைத் தடவிப் பார்த்து, "டீச்சர், இது நெகிழிதானே?" என்று கேட்டான்.

சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று வந்தது. "அதிகப்பிரசங்கித்தனம் பேசாதே" என்று சொல்லி அவனை அந்தப் பிரிவேளை முழுவதும் வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தேன். பேனர் கொஞ்சநாள் சைக்கிள் கொட்டகைக்குக் கூரையாக இருந்தது. கிழிந்த பிறகு பள்ளிக்குப் பின்னால் குப்பையோடு எரித்தார்கள். அந்தக் கரும்புகையைப் பார்த்துக்கொண்டுதான் நான் "காற்று மாசுபடுதல்" நடத்தினேன்.

கணக்கு சார் கேட்டதும் அந்தப் பையன் கேட்டதும் ஒரே கேள்வி. என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து ஓய்வுபெற்ற வாத்தியார் கேட்டால் "நியாயமான கேள்வி" என்று சிரிக்கிறேன். பதினோரு வயதுப் பிள்ளை கேட்டபோது வெளியே நிறுத்தினேன்.

யோசித்ததில் எனக்கு ஒன்று புலப்பட்டது. என் பேனருக்கும் அந்தத் தொகுப்புக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. "ஒழிப்போம்" என்று நான் எழுதியபோது ஏதோ குப்பைக்கு வெளியே, மேட்டில் நின்று சொல்வதுபோல் எழுதினேன். அவர்களோ தங்கள் குழுவையே குப்பைத் தீவின்மேல் குடிவைத்துவிட்டார்கள். பாட்டுப் பதிவுசெய்யும் கூடமே குப்பை மலையின் உச்சியில்தான். அட்டைப் படத்துக்கு அந்தத் தீவை நிஜமாகவே மாதிரி செய்து வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். நாங்களும் இதற்குள்தான் இருக்கிறோம், இதிலிருந்துதான் பாடுகிறோம் என்பது அந்தப் படத்திலேயே இருக்கிறது. இதனால் கணக்கு சாரின் கணக்கு தீர்ந்துவிடாது. தட்டு பிளாஸ்டிக்தான், விமானம் விமானம்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டால் குற்றம் போய்விடாது. ஆனால் ஒப்புக்கொண்ட இடத்திலிருந்துதான் பேச்சே தொடங்க முடியும். மறைத்தால், கேள்வி கேட்கிற பிள்ளையை வெளியே நிறுத்தத்தான் தோன்றும்.

இதைப் போனமாதக் கூட்டத்தில் சொன்னேன். கணக்கு சார் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒப்புக்கொண்டவன் அடுத்த தொகுப்பை எதில் விற்றான் என்று பார்க்க வேண்டும்" என்றார். மாறமாட்டார். மாறவும் வேண்டாம். எங்கள் நாலு பேரில் ஒருவர் அந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டே இருப்பது நல்லதுதான். பாட்டு டீச்சர் மட்டும், "நீ சொல்றது சரியோ தப்போ, எனக்கு அந்த வோமாக் பாட்டை ஃபோன்ல ஏத்திக் குடுட்டி" என்றாள்.

உங்களில் ஆசிரியராக இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த ஆறு தலைப்புக் கட்டுரையை இனி எழுதவைக்காதீர்கள். பக்கத்தில் கடற்கரையோ ஆற்றங்கரையோ இருந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு அடி நீளம் ஒரு அடி அகலம் கோடு கிழித்து, அந்த மணலைச் சலிக்கச் சொல்லுங்கள். அகப்பட்டதை எண்ணி, எது யார் வீட்டிலிருந்து வந்திருக்கும் என்று பேசவையுங்கள். கடைசியில், உங்கள் கையில் இருக்கும் சல்லடை எதனால் செய்தது என்று ஒரு பிள்ளை கேட்டால் அதை முதல் பெஞ்சில் உட்காரவையுங்கள்.

மற்றவர்கள் 'ஒயிட் ஃப்ளாக்', 'ஸ்டைலோ', 'சம் கைண்ட் ஆஃப் நேச்சர்', 'ஆன் மெலங்கலி ஹில்' நாலையும் கேட்டுப் பாருங்கள். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே எழுதுங்கள். டீச்சர் என்று பார்க்க வேண்டாம், இப்போது என் கையில் மதிப்பெண் இல்லை.

அந்தப் பையனின் முகம் எனக்கு நினைவில் இருக்கிறது, பெயர் வரவில்லை. இடது புருவத்தில் ஒரு தழும்பு. இப்போது இருபத்தெட்டு வயது இருக்கும். இதைப் படிக்கிறவர்களில் அவன் இருந்தால், மக்களே, நீ கேட்டது சரி. அது நெகிழிதான். அன்றைக்கே நான் ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். உன்னை வெளியே நிறுத்தியது என் தப்பு. ஒருநாள் வீட்டுக்கு வா. பஜ்ஜி போடுகிறேன், வாழையிலையில்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்